தேதி தெரியாத கணினிக்குத் தேதி சொல்லிக் கொடுத்த கதை: கடிகாரச் சில்லும் லினக்ஸ் இயக்கியும்



ஒரு மாதப் பள்ளி விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணினிக்கூடத்தில் எல்லாச் சுவிட்சுகளையும் அடைத்து, பிளக்கையும் கழற்றியாச்சு. இணையமும் இல்லை. பள்ளி திறந்த அன்று காலையில் கணினியைத் திறக்கிறீர்கள். திரையின் மூலையில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றன. மின்சாரமே இல்லாத அந்த ஒரு மாதமும் நொடிகளை யார் எண்ணிக்கொண்டிருந்தது?

கணினிப் பலகையில் ஒரு சிறிய சில்லு இருக்கிறது. அதற்கு ‘நிகழ்நேரக் கடிகாரச் சில்லு’ என்று பெயர். எண்ணியது அதுதான். ஆனால் அது எண்ணி வைத்ததை எடுத்துப் படித்து, கணினிக்குப் புரியும்படி மாற்றிச் சொல்ல இன்னொருவர் வேண்டும். அந்த வேலையைச் செய்யும் சிறு நிரலைத்தான் டிரைவர் என்கிறோம், தமிழில் இயக்கி.

லினக்ஸ் இயங்குதளத்தில் இந்த இயக்கி எப்படி வளர்ந்தது என்று இக்கட்டுரையில் பார்ப்போம். படிக்கும்போது ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நேரம் தெரியாதபோது ஒரு கணினி என்ன சொல்ல வேண்டும்? இந்த வரலாறு முழுக்க அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் போகிறது.

1. ஒரு படிகமும் ஒரு மின்கலமும்

முதலில் சில்லு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வோம். சில்லோடு ஒரு குவார்ட்ஸ் படிகம் இணைந்திருக்கும். அது ஒரு நொடிக்கு 32,768 முறை அதிரும். ஏன் இந்த எண்? 2-ஐ 15 முறை பெருக்கிப் பாருங்க. 32,768 வரும். அப்படியென்றால் அதை 15 முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். பாதியாக்குவது மின்சுற்றுக்கு மிகவும் எளிய வேலை. கைக்கடிகாரத்திலும் இதே எண்தான்.

கணினி அணைந்திருக்கும்போது மின்சாரம் தருவது நாணயம் போன்ற மின்கலம். கணினிகளில் பெரும்பாலும் சி.ஆர். 2032 என்ற வகை இருக்கும். 20 என்பது மில்லிமீட்டரில் விட்டம். 32 என்பது 3.2 மில்லிமீட்டர் தடிப்பு. மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பலருக்கு இந்த எண்ணின் பொருள் தெரிந்திருக்காது.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். கணினிக்குள் இரண்டு கடிகாரங்கள் இருக்கின்றன. ஒன்று, மின்கலத்தில் ஓடும் சில்லு. இன்னொன்று, கணினி இயங்கும்போது மட்டும் கெர்னல் தானாக எண்ணும் மென்பொருள் கடிகாரம். கணினி தொடங்கும்போது கெர்னல் சில்லிடம் நேரம் கேட்டுக்கொள்ளும். அதன்பின் தன் கணக்கை வைத்தே ஓடும். இந்த வேறுபாட்டைப் பல மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

2. 1981 முதல் 1984 வரை: தேதி கேட்ட கணினி

1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதில் மின்கலத்தோடு கூடிய கடிகாரச் சில்லு இல்லை. கணினியைத் திறந்தால் டாஸ் இயங்குதளம் முதல் வேலையாக, “இன்றைக்கு என்ன தேதி? மணி என்ன?” என்று பயனரைக் கேட்கும். அவர் எதையும் தட்டச்சு செய்யாமல் கடந்துவிட்டால், 1980 ஜனவரி 1 என்றே வைத்துக்கொள்ளும். அன்று சேமித்த கோப்புகளுக்கெல்லாம் அந்தத் தேதிதான்.

நம் கேள்வியை இங்கேயே கேட்கலாம். அந்தக் கணினிக்குத் தேதி தெரியாது. ஆனால் ‘தெரியாது’ என்று சொல்ல அதற்கு வழியும் இல்லை. ஏதோ ஒரு தேதியைப் போட்டாக வேண்டியிருந்தது.

1984-இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினி இதை மாற்றியது. மோட்டோரோலா நிறுவனத்தின் எம்.சி. 146818 என்ற சில்லு அதில் இடம்பெற்றது. அதற்குள் 64 பைட் நினைவகம். முதல் 10 பைட்டில் நொடி, நிமிடம், மணி, கிழமை, நாள், மாதம், ஆண்டு, அலாரம் ஆகியவை. அடுத்த 4 பைட் கட்டுப்பாட்டுக்கு. மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகளைச் சேமித்தார்கள்.

இந்தச் சில்லோடு பேச இரண்டு வாசல்கள் உண்டு. அவற்றின் எண்கள் பதினாறடிமானத்தில் 70, 71. முதல் வாசலில் ‘எனக்கு எத்தனையாவது பைட் வேண்டும்’ என்று எழுத வேண்டும். இரண்டாவது வாசலில் அதன் மதிப்பைப் படிக்கலாம். நூலக முகப்பில் புத்தக எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டு, பக்கத்து முகப்பில் புத்தகத்தை வாங்கிக்கொள்வது போலத்தான்.

3. 1991: லினக்ஸின் முதல் பதிப்பில் கடிகாரம்

1991 செப்டம்பரில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் 0.01 பதிப்பை வெளியிட்டார். அந்த முதல் பதிப்பிலேயே கடிகாரச் சில்லைப் படிக்கும் சில வரிகள் இருந்தன. தனி இயக்கி என்று எதுவும் இல்லை. கணினி தொடங்கும் இடத்திலேயே, ஒரு சிறிய பகுதியாக அது எழுதப்பட்டிருந்தது.

அந்தச் சில வரிகள் இரண்டு சிக்கல்களைத் தீர்க்க வேண்டியிருந்தது.

முதல் சிக்கல், எண் எழுதும் முறை. சில்லு எண்களை பி.சி.டி. என்ற முறையில் வைத்திருக்கும். அதாவது ஒவ்வொரு பதின்ம இலக்கத்துக்கும் 4 பிட். 25 நிமிடம் என்றால் ஒரு பாதியில் 2, மறு பாதியில் 5. இதைச் சாதாரண இரும எண் என்று நினைத்துப் படித்தால் என்ன வரும்? பதினாறடிமானத்தில் 25 என்பது 2 × 16 + 5, அதாவது 37. கடிகாரம் 25 என்று சொல்ல, கணினி 37 என்று கேட்கும். 59 நிமிடம் 89 ஆகிவிடும். ஆகவே படித்தவுடன் இரு பாதிகளையும் பிரித்து, முதல் பாதியைப் பத்தால் பெருக்கி, இரண்டாவதைக் கூட்ட வேண்டும்.

இரண்டாவது சிக்கல், படிக்கும் நேரத்தில் கடிகாரம் நிற்காது என்பது. காலை 7:59:59 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் முதலில் நொடியைப் படிக்கிறீர்கள், 59. அந்தக் கணத்தில் நேரம் 8:00:00 ஆகிவிடுகிறது. அடுத்து நிமிடம் 0, மணி 8. சேர்த்துப் பார்த்தால் 8:00:59! ஏறக்குறைய ஒரு நிமிடம் தவறு. மணியை முதலில் படித்திருந்தால் இன்னும் மோசம்: 7:00:00 என்று ஒரு மணி நேரம் பின்னால் போயிருக்கும்.

டோர்வால்ட்ஸ் இதற்கு எளிய வழி ஒன்றை எழுதினார். நொடியில் தொடங்கி எல்லாவற்றையும் படி. கடைசியில் நொடியை மறுபடியும் படி. முதலில் படித்ததும் இப்போது படித்ததும் ஒன்றாக இல்லையென்றால், எல்லாவற்றையும் மீண்டும் படி. தேர்வுத்தாளில் கூட்டலைச் சரிபார்க்க இன்னொரு முறை கூட்டிப் பார்க்கிறோம் இல்லீங்களா, அதே பழக்கம்தான்.

ஆனாலும் ஒரு ஓட்டை மிச்சம் இருந்தது. சில்லு தன் எண்களை மாற்றிக்கொண்டிருக்கும் குறுகிய நேரத்தில் படித்தால், கிடைக்கும் மதிப்பு எதுவாகவும் இருக்கலாம். இதற்காகவே சில்லில் ஒரு எச்சரிக்கை பிட் உண்டு. மாற்றம் தொடங்குவதற்கு 244 மைக்ரோநொடிக்கு முன்பே அது 1 ஆகிவிடும். மாற்றம் 1984 மைக்ரோநொடி வரை நீடிக்கலாம். இரண்டையும் கூட்டினால் 2228 மைக்ரோநொடி. பின்னால் வந்த லினக்ஸ் பதிப்புகள், இந்த பிட் எழுந்து விழும்வரை காத்திருந்து, அதன்பின் படித்தன. இதில் இன்னொரு நன்மை: புதிய நொடி பிறக்கும் அந்தத் தருணத்திலேயே நேரத்தை எடுத்துக்கொள்ள முடியும்.

4. இரண்டு இலக்க ஆண்டு

எம்.சி. 146818 சில்லு ஆண்டை 00 முதல் 99 வரை இரண்டு இலக்கத்தில் மட்டும் எண்ணும். 99-க்குப் பிறகு 00. அது 1900-ஆ, 2000-ஆ? சில்லுக்குத் தெரியாது.

லினக்ஸ் நேரத்தை 1970 ஜனவரி 1 முதல் கடந்த நொடிகளாகக் கணக்கிடுகிறது. முதல் பதிப்பில் சில்லு தந்த ஆண்டிலிருந்து 70-ஐக் கழித்தார்கள். 1991-இல் அது சரியாக இருந்தது: 91 − 70 = 21 ஆண்டுகள். 2000-இல் அதே கணக்கைப் போட்டால் 0 − 70, அதாவது கழித்தல் 70 ஆண்டுகள்!

2000 வருவதற்கு முன்பே இந்தக் கணக்கு திருத்தப்பட்டது. ஆண்டோடு 1900-ஐக் கூட்டு; விடை 1970-க்குக் குறைவாக வந்தால் இன்னும் 100-ஐக் கூட்டு. 99 என்றால் 1999. 00 என்றால் 1900, அது 1970-க்குக் குறைவு, ஆகவே 2000. ஒரே வரியில் தீர்வு. ஆனால் கவனிங்க, இது 2069 வரைதான் செல்லும். 70 என்று வந்தால் மறுபடியும் 1970.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. இயக்கி எழுதுபவர் சில்லு சொல்லாத ஒன்றை, அதாவது நூற்றாண்டை, தானே ஊகிக்கிறார். ஊகிப்பதில் தவறில்லை. ஆனால் அந்த ஊகம் எதுவரை செல்லும் என்பதை எங்காவது எழுதி வைக்க வேண்டும். அதற்கு லினக்ஸில் இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

5. 1996: கடிகாரம் ஒரு கோப்பாகிறது

யூனிக்ஸ் மரபில் கருவிகளையும் கோப்புகளைப் போலவே திறந்து படிக்கலாம். லினக்ஸிலும் அப்படியே. 1996-இல் பால் கோர்ட்மேக்கர் எழுதிய இயக்கி, கடிகாரச் சில்லையும் அந்த வரிசையில் சேர்த்தது. கருவிகளுக்கான ‘டெவ்’ அடைவுக்குள் ‘ஆர்.டி.சி.’ என்ற பெயரில் ஒரு கோப்பு தோன்றியது.

இதனால் என்ன மாறியது? சாதாரண நிரல்கூட அந்தக் கோப்பைத் திறந்து, நேரத்தைக் கேட்கலாம், அலாரம் வைக்கலாம், நொடிக்கு 2 முதல் 8192 முறை வரை சில்லைத் துடிக்கச் செய்து அந்தத் துடிப்புக்காகக் காத்திருக்கலாம். அதற்கு முன் ஒவ்வொரு நிரலும் 70, 71 வாசல்களை நேரடியாகத் தட்ட வேண்டும். இரண்டு நிரல்கள் ஒரே சமயத்தில் தட்டினால் என்ன ஆகும்? ஒருவர் எண்ணை எழுதிக் கொடுக்க, இன்னொருவர் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். இயக்கி நடுவில் நின்று வரிசையை ஒழுங்குபடுத்தியது.

6. 2006: பல சில்லுகள், ஒரே குடும்பம்

அந்த இயக்கி மேசைக் கணினிக்கு ஏற்றது. ஆனால் 2000-க்குப் பிறகு லினக்ஸ் இணையத் திசைவிகளிலும் சிறு பலகைகளிலும் தொழிற்சாலைக் கருவிகளிலும் நுழைந்தது. அவற்றில் 70, 71 வாசல்கள் கிடையாது. பிலிப்ஸ் நிறுவனம் 1982-இல் உருவாக்கிய ஐ2சி என்ற இரண்டு கம்பித் தடத்தில் கடிகாரச் சில்லுகள் தொங்கிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை. ஆளுக்கொரு விதமாக இயக்கி எழுதினார்கள். ஒரே வேலை பல இடங்களில் திரும்பத் திரும்ப எழுதப்பட்டது.

அலெஸ்ஸாண்ட்ரோ சும்மோ என்பவர் இதை ஒழுங்குபடுத்தினார். அவர் உருவாக்கிய பொதுக் கட்டமைப்பு 2006 ஜூனில் வெளிவந்த 2.6.17 கெர்னலில் சேர்ந்தது. இதன் எண்ணம் எளிமையானது. எல்லாக் கடிகாரங்களுக்கும் பொதுவான வேலைகளை நடுவில் ஒரே இடத்தில் வைத்துவிடுவது. ஒவ்வொரு சில்லின் இயக்கியும் தன் சில்லுக்கே உரிய வேலைகளை மட்டும் செய்தால் போதும்: ‘நேரத்தைப் படி’, ‘நேரத்தை எழுது’, சில்லில் இருந்தால் ‘அலாரத்தைப் படி’, ‘அலாரத்தை எழுது’. ஒரே கணினியில் இரண்டு கடிகாரச் சில்லுகள் இருந்தாலும் பூச்சியம், ஒன்று என்று எண்ணிட்டுத் தனித்தனியாகப் பேசலாம்.

இன்று ஒரு புதிய கடிகாரச் சில்லுக்கு லினக்ஸ் இயக்கி எழுதுகிறவர் பின்பற்றுவது இந்த 2006 கட்டமைப்பைத்தான்.

7. டி.எஸ். 1307: ஓர் இயக்கியை உள்ளே பார்ப்போம்

எடுத்துக்காட்டாக டி.எஸ். 1307 சில்லை எடுத்துக்கொள்வோம். டல்லாஸ் செமிகண்டக்டர் நிறுவனத்தின் சில்லு இது. மாணவர் செயல்திட்டங்களில் இன்றும் அதிகம் பயன்படுகிறது. இதற்கான லினக்ஸ் இயக்கியில் ஜேம்ஸ் சாப்மன், டேவிட் பிரௌனல் ஆகியோரின் பெயர்கள் உள்ளன. பின்னால் அதே இயக்கி டி.எஸ். 3231 உட்பட இதன் உறவுச் சில்லுகள் பலவற்றுக்கும் பொதுவாகிவிட்டது.

இயக்கி செய்யும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதல் படி, சில்லைக் கண்டுபிடிப்பது. ஐ2சி தடத்தில் ஒவ்வொரு சில்லுக்கும் ஒரு முகவரி உண்டு. டி.எஸ். 1307-இன் முகவரி பதினாறடிமானத்தில் 68. இந்த முகவரியில் இந்தச் சில்லு இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொன்னதும், அது பொருத்தமான இயக்கியை அழைக்கும்.

இரண்டாம் படி, நேரத்தைப் படிப்பது. நொடி முதல் ஆண்டு வரை 7 பைட். இவற்றை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். ஏன்? படிக்கத் தொடங்கும்போதே இந்தச் சில்லு தன் எண்களை உள்ளே ஒரு நகல் எடுத்துக்கொள்ளும். நடுவில் நொடி மாறினாலும் நகல் மாறாது. 1991-இல் மென்பொருளில் தீர்த்த சிக்கலை இங்கே சில்லே தீர்த்து வைக்கிறது. ஆனால் இயக்கி 7 பைட்டையும் தனித்தனியாகக் கேட்டால் அந்த நன்மை போய்விடும்.

மூன்றாம் படி, மொழிபெயர்ப்பு. பி.சி.டி. எண்ணைச் சாதாரண எண்ணாக மாற்ற வேண்டும். சில்லில் மாதம் 1 முதல் 12 வரை. லினக்ஸில் 0 முதல் 11 வரை. ஆகவே 1-ஐக் கழிக்க வேண்டும். எப்போது கழிப்பது? மாற்றிய பிறகுதான். அக்டோபர் மாதம் சில்லில் பதினாறடிமான 10 என்று இருக்கும். மாற்றுவதற்கு முன்பே 1-ஐக் கழித்தால் பின்பாதியில் 15 வந்து நிற்கும். அப்படி ஒரு மாதமே கிடையாது. ஆண்டையும் அப்படியே: சில்லில் 00 முதல் 99, லினக்ஸ் கேட்பது 1900-க்குப் பிந்திய ஆண்டுகள். ஆகவே 100-ஐக் கூட்ட வேண்டும்.

நான்காம் படி, எழுதுவது. மேலே செய்ததைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். அவ்வளவுதான்.

பார்த்தால் எளிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மிக முக்கியமான ஒரு பிட்டை இன்னும் நாம் தொடவில்லை.

8. ‘தெரியாது’ என்று சொல்லக் கற்ற இயக்கி

டி.எஸ். 1307-இல் நொடிக்கான பைட்டின் உச்சியில் ஒரு பிட் இருக்கிறது. அது 1 என்றால் கடிகாரம் நின்றிருக்கிறது என்று பொருள். மின்கலம் தீர்ந்துபோய் மறுபடி மின்சாரம் வரும்போது இப்படி ஆகலாம். அப்போதும் மற்ற பைட்டுகளில் எண்கள் இருக்கும். அவை பார்ப்பதற்கு நல்ல தேதி போலவே தோன்றும். ஆனால் பொய்.

தொடக்க காலத்தில் இந்த இயக்கி, கடிகாரம் நின்றிருப்பதைக் கண்டால் அதை ஓட வைத்துவிட்டு, நேரத்தை அமைக்கச் சொல்லிப் பதிவேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் விளைவு என்னன்னா, ஓட வைத்தவுடன் அந்த பிட் 0 ஆகிவிடும். ‘இந்த நேரத்தை நம்பாதே’ என்று சொல்லிக்கொண்டிருந்த ஒரே சாட்சியும் அழிந்துவிடும். அதன்பின் கேட்பவர்களுக்கெல்லாம் தவறான தேதி, சரியான தேதி போல வந்துகொண்டிருக்கும். பதிவேட்டில் இருக்கும் எச்சரிக்கையை யார் படிக்கப் போகிறார்கள்?

இன்றைய இயக்கி அப்படிச் செய்வதில்லை. அந்த பிட் 1 என்று கண்டால், ‘செல்லாத மதிப்பு’ என்ற பிழையைத் திருப்பித் தருகிறது. தேதி தராது. யாராவது சரியான நேரத்தை எழுதும்போதுதான் அந்த பிட் 0 ஆகும். அதன் பிறகே நேரம் சொல்லும்.

இதனால் என்ன பெரிய வேறுபாடு என்று கேட்கலாம். பாதுகாப்பான இணையத்தளத்தைத் திறக்கும்போது, அதன் சான்றிதழ் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரைதான் செல்லும் என்று கணினி சரிபார்க்கிறது. கணினியின் தேதி 2000 ஜனவரி 1 என்று இருந்தால், உண்மையான தளத்தையும் நம்பாது. பழைய கணினியில் மின்கலம் தீர்ந்ததும் இணையத்தளங்கள் ‘பாதுகாப்பற்றது’ என்று மறுப்பதை நீங்களே பார்த்திருக்கலாம். மாறாக, நேரம் தெரியவில்லை என்று இயக்கி நேர்மையாகச் சொன்னால், கணினி இணையத்திலிருந்து நேரம் வரும்வரை காத்திருக்கலாம், அல்லது பயனரைக் கேட்கலாம். அதற்கு வழி திறந்தே இருக்கிறது.

வரலாறு படிக்கும் மாணவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு கல்வெட்டில் ஆண்டு சிதைந்திருந்தால், ஆய்வாளர் ‘ஆண்டு சிதைந்துள்ளது’ என்றுதான் எழுதுவார். தோன்றிய ஆண்டை இட்டு நிரப்பினால், அடுத்து வருகிறவர்கள் அதையே சான்றாக எடுத்துக்கொள்வார்கள்.

9. நம் நாட்டு நேரம் சொல்லும் பாடம்

கடிகாரச் சில்லில் வெறும் எண்கள்தான் இருக்கும். அது கோலாலம்பூர் நேரமா, லண்டன் நேரமா என்று எழுதுவதற்கு அதில் இடம் இல்லை. லினக்ஸ் வழக்கமாகச் சில்லில் உலகப் பொது நேரத்தை வைக்கும். விண்டோஸ் வழக்கமாக உள்ளூர் நேரத்தை வைக்கும். ஒரே கணினியில் இரண்டையும் நிறுவினால், நம் நாட்டில் 8 மணி நேரம் முன்னும் பின்னும் குதிக்கும். காரணம் தெரியாமல் மின்கலத்தை மாற்றிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

சில்லில் பொது நேரத்தை வைப்பதுதான் நல்லது என்பதற்கு நம் வட்டார வரலாறே சான்று. சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் 1905-இல் கிரீன்விச் நேரத்தைவிட 7 மணி முன்னதாகக் கடிகாரம் ஓடியது. 1933-இல் 7 மணி 20 நிமிடம். 1941-இல் ஏழரை மணி. 1942-இல் ஜப்பானியர் ஆட்சியில் தோக்கியோ நேரப்படி 9 மணி. 1945-இல் மறுபடியும் ஏழரை. 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியா, சபா சரவாக்கோடு ஒரே நேரத்துக்கு வர 8 மணிக்கு மாறியது. சிங்கப்பூரும் கூடவே மாறியது. 1981 டிசம்பர் 31 இரவு மணி பதினொன்றரை அடித்தபோது கடிகாரங்களை நள்ளிரவுக்கு நகர்த்தினார்கள்.

சில்லில் உள்ளூர் நேரம் இருந்தால், இப்படி ஒவ்வொரு மாற்றத்தின்போதும் ஒவ்வொரு கணினியின் சில்லையும் திருத்த வேண்டும். பொது நேரம் இருந்தால் சில்லைத் தொட வேண்டியதில்லை. கணினியில் உள்ள நேர வலயத் தரவுத்தளம், காட்டும்போது கூட்டிக்கொள்ளும். மேலே சொன்ன 1905, 1933, 1941 மாற்றங்கள் எல்லாம் அந்தத் தரவுத்தளத்தில் இன்றும் பதிவாகி இருக்கின்றன.

10. இன்னும் முடியாத வேலை

கதை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

சாதாரணப் படிகம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிசகினாலே, ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1.7 நொடி, ஒரு மாதத்துக்கு 52 நொடி தவறும். அதனால் இணையத்தோடு நேரம் ஒத்திசைந்திருக்கும்போது, லினக்ஸ் கெர்னல் ஏறக்குறைய 11 நிமிடத்துக்கு ஒரு முறை சில்லில் சரியான நேரத்தை எழுதி வைக்கிறது.

2018 வாக்கில், இக்கட்டமைப்பைப் பராமரிக்கும் அலெக்சாந்தர் பெலோனியின் காலத்தில், ஒவ்வொரு இயக்கியும் தன் சில்லு எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை செல்லும் என்று அறிவிக்க வழி வந்தது. டி.எஸ். 1307 என்றால் 2000 முதல் 2099 வரை. அதற்கு வெளியே உள்ள தேதியை எழுதச் சொன்னால் கெர்னல் மறுத்துவிடும். நான்காம் பகுதியில் சொன்னோமே, ஊகத்தின் எல்லையை எழுதி வைக்க வேண்டும் என்று, அது இதுதான்.

2020 டிசம்பரில் தாமஸ் கிளைக்ஸ்னர் ஒரு திருத்தம் அனுப்பினார். எதற்குத் தெரியுமா? எம்.சி. 146818 வகைக் கடிகாரத்தை, அது எண்களை மாற்றிக்கொண்டிருக்கும்போது படித்தால் குப்பை மதிப்பு வருகிறது என்பதற்கு. 1984-இல் ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் இடம்பெற்ற சில்லு. 1991-இல் எழுதிய வரிகள். 29 ஆண்டுகள் கழித்தும் அதே 2 மில்லிநொடிச் சிக்கல்.

முன்னால் இரண்டு தேதிகள் காத்திருக்கின்றன. 1970 முதல் நொடிகளை 32 பிட்டில் எண்ணும் பழைய மென்பொருள்கள் 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 11:14:07-க்கு மேல் எண்ண முடியாது. லினக்ஸ் கெர்னல் 64 பிட்டுக்கு மாறிவிட்டது. மாறாத பழைய கருவிகள் இருக்கத்தான் செய்யும். அடுத்து 2100. இரண்டு இலக்கச் சில்லுகளுக்கு அது மறுபடியும் 00. இன்று படிவம் ஒன்றில் படிக்கும் மாணவர் 2038-இல் வேலையில் இருப்பார். சரிசெய்கிறவர்களில் ஒருவராகவும் இருக்கலாம்.

மீள்பார்வை: நினைவில் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1981 – கடிகாரச் சில்லு இல்லாத ஐ.பி.எம். தனியாள் கணினி.
1984 – ஐ.பி.எம். ஏ.டி. கணினியில் எம்.சி. 146818.
1991 – லினக்ஸ் 0.01 பதிப்பில் கடிகாரத்தைப் படிக்கும் வரிகள்.
1996 – பால் கோர்ட்மேக்கரின் இயக்கி.
2006 – அலெஸ்ஸாண்ட்ரோ சும்மோவின் பொதுக் கட்டமைப்பு.
2018 – ஆண்டு எல்லையை அறிவிக்கும் முறை.

வகுப்பில் கேட்க ஐந்து கேள்விகள்

1. படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்வதற்கான காரணத்தை விளக்குக.
2. பி.சி.டி. முறையில் உள்ள 48 என்ற மதிப்பைச் சாதாரணப் பதினாறடிமான எண்ணாகப் படித்தால் என்ன விடை வரும்?
3. 23:59:59 மணிக்கு நொடியை முதலில் படித்து, பிறகு நேரம் மாறிவிட்டால் என்ன தவறு நேரும்? அதைத் தவிர்க்கும் இரண்டு வழிகளைக் கூறுக.
4. கடிகாரச் சில்லில் உலகப் பொது நேரத்தை வைப்பதன் நன்மையை 1982-ஆம் ஆண்டு நேர மாற்றத்தைக் கொண்டு விளக்குக.
5. “தவறான தேதியைவிடத் தேதி இல்லாமல் இருப்பதே மேல்.” இக்கூற்றை டி.எஸ். 1307 இயக்கியைச் சான்றாகக் கொண்டு ஆராய்க.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஐந்தாம் கேள்விக்கு விடை எழுத மாணவர்களுக்குச் சற்று கூடுதல் நேரம் கொடுங்க. நிரல் எழுதத் தெரியாத மாணவர்கூட அதற்கு நல்ல விடை எழுத முடியும்.